உதவிப் பயிற்றுவிப்பாளர் சேர் கிரஹம் ஹென்றி

"உதவி" என்ற சொல்லை ஒரு பதவிக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். உதவி முகாமையாளர், உதவி நூலகர், உதவி அரசாங்க அதிபர். சொல்லின் பொருள் நல்லதுதான். ஆனால் காதில் விழும்போது "ஆள் இன்னும் மேலே போகவில்லை" என்றுதான் கேட்கிறது. எங்கட கணக்கில் அது ஏணியில் ஒரு படி. மேலே போன ஒருவர் அந்தப் படிக்குத் திரும்பி வந்து நின்றால் ஊர் முதலில் கேட்பது "ஆளுக்கு என்ன நடந்தது?" எண்டுதான்.

2003இல் கிரஹம் ஹென்றி ஒக்லாந்து புளூஸ் றக்பி அணிக்குத் திரும்பியது அந்தப் படிக்குத்தான். அதே அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்து 1996, 1997 என்று அடுத்தடுத்து இரண்டு சுப்பர் 12 கிண்ணங்களை வாங்கிக் கொடுத்தவர் அவர். திரும்பி வந்தபோது தலைமைப் பயிற்றுவிப்பாளர் பீற்றர் ஸ்லோன். ஹென்றிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, எதிரணியிடம் பந்து இருக்கும்போது நம்மவர்கள் எப்படி நிற்பது, எப்படி மறிப்பது என்பதைப் பார்ப்பது. அதாவது தடுப்பாட்டம்.

றக்பி என்றால் எங்களில் பலருக்கு றோயலும் திரினிற்றியும் மோதும் பிரட்பி கேடயம், கண்டி நித்தவெல மைதானம், அத்தோடு சரி. ஆகவே ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஹென்றி அடிப்படையில் ஒரு பாடசாலை ஆசிரியர். ஒக்லாந்திலுள்ள கெல்ஸ்டன் ஆண்கள் உயர் பாடசாலையின் அதிபராக இருந்தவர். எங்கட பாசையில் சொன்னால் முதலில் பள்ளிக்கூடத்துச் "சேர்", பிறகு 2012இல் பட்டம் கிடைத்து மகாராணியின் "சேர்". 1992இலிருந்து ஒக்லாந்து மாகாண அணி, 1996இலிருந்து புளூஸ். 1998 இறுதிப் போட்டியில் சொந்த மைதானமான ஈடன் பார்க்கில் வைத்து குருசேடர்ஸ் அணியிடம் 13-20 என்று தோற்றார். அன்று குருசேடர்ஸின் பயிற்றுவிப்பாளர் வெய்ன் ஸ்மித். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வருவார்.

அதே வருடம் ஹென்றி வேல்ஸ் தேசிய அணிக்குப் போனார். நியூசிலாந்தில் அது பெரிய கோபத்தைக் கிளப்பியது. வேறொரு நாட்டுக்குப் பயிற்சி கொடுத்தவர் இனி ஓல் பிளாக்ஸுக்குப் பயிற்றுவிப்பாளராக முடியாது என்று ஒரு விதியே வந்தது, பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. வேல்ஸில் முதலில் கொண்டாட்டம். 1999இல் இங்கிலாந்தை 32-31 என்று வென்றார்கள். அவர்களின் சரித்திரத்தில் முதல் தடவையாகத் தென்னாபிரிக்காவையும் வென்றார்கள். பத்திரிகைகள் ஹென்றியை "மாபெரும் மீட்பர்" என்று எழுதின. மீட்பர் என்று ஒருவரைக் கூப்பிட்டால் அடுத்தது என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாததா? 2001இல் பிரித்தானிய, ஐரிஷ் லயன்ஸ் அணியோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய், முதல் டெஸ்டை வென்று, அடுத்த இரண்டையும் தோற்றார். 2002 பெப்ரவரியில் டப்ளினில் அயர்லாந்திடம் வேல்ஸ் 10-54 என்று நொருங்கியது. அத்தோடு பதவியை விட்டு வெளியேறினார்.

ஆக, 2003இல் புளூஸ் அணிக்குள் வந்தவர் தோற்றுப்போய் ஊருக்குத் திரும்பிய மனிதர். அவர் போன பிறகு 1999 தொடக்கம் 2002 வரை நான்கு பருவங்களிலும் புளூஸ் ஒரு தடவைகூட அரையிறுதிக்குப் போகவில்லை. இரண்டு பக்கமும் காயம்.

இனி அந்த வேலையைப் பார்ப்போம். அந்த வருடப் புளூஸ் அணி ஓடி விளையாடுவதற்குப் பேர் போனது. கார்லோஸ் ஸ்பென்சர், டக் ஹவ்லெற், ஜோ ரொக்கொகோகோ, பீஜியிலிருந்து வந்த ருபெனி கௌகௌனிபூகா. பந்து கையில் வந்தால் மைதானத்தின் எந்த மூலையிலிருந்தும் ஓடிப்போய் ட்ரை போடக்கூடிய ஆட்கள். அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்கத்தான் சனம் வந்தது. தடுப்பாட்டம் வேறு சங்கதி. எதிரணியிடம் பந்து இருக்கிறது. உங்கள் ஆட்கள் ஒரு வரிசையாக நிற்கிறார்கள். பந்து வெளியே வந்த கணத்தில் அந்த வரிசை ஒன்றாக முன்னேற வேண்டும். ஒருவர் ஆர்வக் கோளாறில் ஒரு அடி முந்தினாலும் அவருக்குப் பக்கத்தில் ஒரு கதவு திறந்துவிடும். டக்கிள் பண்ணி விழுந்தவர் உடனே எழும்பி ஓடிவந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பிறகு திரும்பவும் அதே. பயிற்சியில் இதை நூறு தரம் செய்தாலும் யாரும் கை தட்டமாட்டார்கள். சரியாகச் செய்தால் மைதானத்தில் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். வீட்டில் சமையலறைக் கழுவல் போல ஒரு வேலை, செய்யாத நாளில்தான் கண்ணில் படும்.

கிண்ணம் வாங்கிக் கொடுத்த பழைய தலைவர் வந்து எடுத்துக்கொண்டது இந்த வேலையை. 2003 மே மாதம் ஈடன் பார்க்கில் இறுதிப் போட்டி, எதிரில் மறுபடியும் குருசேடர்ஸ். அத்தனை ஓட்டக்காரர்கள் இருந்தும் அது ஓடி வென்ற ஆட்டம் இல்லை. 21-17. நான்கு புள்ளி வித்தியாசத்தில், பிடித்து நின்று வென்ற ஆட்டம்.

இந்தக் கதையை வழக்கமாகச் சொல்பவர்கள் ஹென்றியின் பணிவைச் சொல்லுவார்கள். எவ்வளவு பெரிய ஆள், எவ்வளவு சின்ன வேலை, பாருங்கோ! எனக்கு இதில் உடன்பாடு குறைவு. தோற்றுத் திரும்பிய ஒருவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது, அது கிடைத்தது. அதே வருடக் கடைசியில் அவர் ஓல் பிளாக்ஸின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். உதவியாளராக இருந்தது அவருக்கு நட்டமே இல்லை.

நான் கவனிப்பது பீற்றர் ஸ்லோனை. இதே கதிரையில் இருந்து இரண்டு கிண்ணம் வென்ற ஒருவரை, தன்னை விடப் பல மடங்கு பேர் உள்ள ஒருவரை, தன் பக்கத்தில் வைத்துக்கொண்ட மனிதர் அவர். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அணி வென்றால் "ஹென்றி வந்ததால்தான் வென்றது" என்பார்கள். தோற்றால் "ஹென்றி பக்கத்தில் இருந்தும் இவரால் முடியவில்லை" என்பார்கள். இரண்டிலும் ஸ்லோனுக்கு இலாபம் இல்லை. வீரர்களில் பழையவர்கள் ஹென்றியின் குரலுக்குப் பழகியவர்கள். இடைவேளையில் அவர்களின் கண் யாருடைய முகத்தைத் தேடும்? இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒருவரை உள்ளே விட ஒரு நெஞ்சுரம் வேண்டும். திரும்பி வருபவரின் பணிவு பற்றி நாங்கள் கட்டுரை எழுதுகிறோம், வர விட்டவரின் துணிவு பற்றி யாரும் எழுதுவதில்லை. ஹென்றி போன பிறகு 2004, 2005 இரண்டிலும் புளூஸ் அரையிறுதிக்குப் போகவில்லை, ஸ்லோனும் அத்தோடு விலகினார். இன்று அவர் பேரைச் சொன்னால் நியூசிலாந்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? கிண்ணத்தை வென்றபோது தலைமைப் பயிற்றுவிப்பாளர் அவர்தான்.

எங்கட பக்கத்தில் இதற்கு ஒரு வசதியான மாற்றுவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். அதன் பெயர் போஷகர். ஊர் விளையாட்டுக் கழகமோ, சனசமூக நிலையமோ, பழைய மாணவர் சங்கமோ, அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், அதற்கு மேலே போஷகர்கள். முன்பு ஓடியாடி வேலை செய்து கழகத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்த வரிசையில் இருப்பார்கள். பரிசளிப்பு விழாவில் முன்வரிசைக் கதிரை, ஒரு பொன்னாடை, ஐந்து நிமிடப் பேச்சு என்று சொல்லி அரை மணித்தியாலம். மரியாதை குறைவில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பெடியனுக்குப் பந்தை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்தது அவரோடேயே இருக்கிறது. மாலை நாலரைக்கு மைதானத்துக்கு வாருங்கோ எண்டு அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டால் "தலைவர்ப் பதவியைத் திரும்பத் தருகிறீர்களா" என்று கேட்பாரோ என்ற பயம் எங்களுக்கு. கூப்பிட்டால் சின்னப் பெடியன்களுக்குக் கீழே நிற்க வேண்டி வருமே என்ற கூச்சம் அவருக்கு. ஆக, ஒன்று கதிரையை விடாமல் இருப்பது, இல்லையென்றால் கோபித்துக்கொண்டு வீட்டில் இருப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கலாம் என்பதே எங்கள் யோசனையில் வருவதில்லை.

சரி, எல்லா மூத்தவர்களையும் கூப்பிட்டு உதவியாளராகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அதற்கும் சாட்சி ஹென்றிதான்.

2011இல் ஈடன் பார்க்கில் பிரான்ஸை 8-7 என்று வென்று நியூசிலாந்துக்கு உலகக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு ஹென்றி ஓய்வு பெற்றார். எட்டு வருடத்தில் 103 டெஸ்ட், 88 வெற்றி. 2013 பருவத்துக்கு ஜோன் கேர்வன் புளூஸின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக வந்தபோது ஹென்றி மறுபடியும் அதே அணிக்கு உதவியாளராக வந்தார். கேர்வன் 1987 முதலாவது உலகக் கிண்ணத்தின் நாயகர்களில் ஒருவர். தொடக்க ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக மைதானத்தின் நீளத்துக்கு ஓடிப் போட்ட ட்ரையை இன்றும் காட்டுவார்கள். மனச்சோர்வு பற்றி வெளிப்படையாகப் பேசி நாட்டையே பேச வைத்தவர். 1990களின் தொடக்கத்தில் ஒக்லாந்து அணியில் ஹென்றியிடம் பயிற்சி பெற்றவரும்கூட. மாணவன் தலைமை, ஆசிரியர் உதவி. 2012இல் இருவருக்கும் பட்டம் கிடைத்திருந்ததால் ஒரே அணியில் இரண்டு "சேர்" வேறு.

பார்க்க மிக அழகான ஏற்பாடு. 2013 பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றார்கள். பிறகு சறுக்கியது. அந்த வருடம் மட்டுமல்ல, கேர்வன் இருந்த 2013, 2014, 2015 மூன்று பருவங்களிலும் புளூஸ் இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை. கேர்வன் விலகினார்.

2003க்கும் 2013க்கும் என்ன வித்தியாசம்? வீரர்களின் தரம், காயங்கள், சரியான பத்தாம் இலக்க வீரர் இல்லாதது என்று றக்பிக் காரணங்கள் பல உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் படுவது வேறொன்று. 2003இல் வந்தவர் ஒரு வேலைக்காக வந்தார், அந்த வேலைக்கு எல்லை இருந்தது. தடுப்பாட்டம் உன்னுடையது, மற்றது என்னுடையது. அத்தோடு ஐரோப்பாவில் நாலு வருடம் இருந்து, லயன்ஸ் அணியில் றக்பி லீக்கிலிருந்து வந்த பில் லார்டரைத் தடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளராக வைத்து வேலை செய்துவிட்டு, கையில் புதிதாக ஒன்றோடு வந்தார். தோல்வியில் படித்தது அது. 2013இல் வந்தவர் உலகக் கிண்ணத்தோடு வந்தார். அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒரு குறிப்பிட்ட வேலையை விடப் பெரியது. புளூஸின் தலைமைக்குப் புதியவரான ஒருவருக்குப் பக்கத்தில் ஒரு பாதுகாப்பு, இரசிகருக்கு ஒரு நம்பிக்கை, பத்திரிகைக்கு ஒரு தலைப்பு. இதைத்தான் நான் போஷகர் என்கிறேன், மைதானத்தில் நின்றாலும். பெயருக்காகக் கூப்பிட்டால் பெயர்தான் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன் பழைய ஆசிரியருக்கு "இல்லை சேர், இதை இப்படித்தான் செய்யப் போகிறோம்" என்று சொல்வது லேசா? எனக்கு ஆறாம் ஆண்டு கணக்குப் படிப்பித்தவரை இன்றும் றோட்டில் கண்டால் நான் சைக்கிளை விட்டு இறங்குகிறேன். அந்த மரியாதை நல்லதுதான், ஆனால் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பதினைந்து பேரைத் தெரிவு செய்யும்போது அது குறுக்கே வரும். மூத்தவர் வாயே திறக்காவிட்டாலும் வரும்.

ஜோ ஷ்மிற்றை வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2004இல் அவர் புளூஸுக்கு வந்தது சாதாரண உதவிப் பயிற்றுவிப்பாளராக, அதுவும் அதே ஸ்லோனின் காலத்தில். பிறகு பிரான்ஸுக்குப் போய், அயர்லாந்தின் லின்ஸ்ரர் கழகத்துக்கு இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்கள் வாங்கிக் கொடுத்து, 2013 முதல் 2019 வரை அயர்லாந்து தேசிய அணியை நடத்தினார். 2016இல் சிக்காகோவில் அயர்லாந்து தன் சரித்திரத்தில் முதல் தடவையாக ஓல் பிளாக்ஸை வென்றது அவருடைய காலத்தில்தான். இத்தனைக்கும் பிறகு 2022இல் புளூஸுக்குத் திரும்பி, லியோன் மக்டொனால்டுக்குத் துணையாக வேலை செய்தார். அந்த வருடம் புளூஸ் அட்டவணையில் முதலிடம். இறுதிப் போட்டியில் மட்டும் குருசேடர்ஸிடம் 7-21 என்று தோற்றார்கள். (புளூஸ், ஈடன் பார்க், குருசேடர்ஸ். சில அணிகளுக்குச் சில விதி.) ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்வதில் ஷ்மிற் பேர் போனவர், அவரைக் கூப்பிட்டதும் அந்த மாதிரி வேலைக்கு. ஆளும் பெயரும் பெரியது, வேலை தெளிவானது. பிறகு ஓல் பிளாக்ஸுக்கு உதவியாளராகப் போய், 2023 உலகக் கிண்ணக் காலிறுதியில் தான் வளர்த்த அயர்லாந்தையே 28-24 என்று வெளியேற்றிய அணியில் இருந்தார். 2024இல் அவுஸ்திரேலியாவுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளர். அதே 2024இல்தான் புளூஸும் மறுபடி சுப்பர் றக்பிக் கிண்ணத்தை வென்றது. கொரோனாக் காலத்தில் 2021இல் நடந்த ஒரு குறுந்தொடரை விட்டால், 2003க்குப் பிறகு அதுதான் முதல்.

இனி வெய்ன் ஸ்மித். 1998இல் ஹென்றியைத் தோற்கடித்தவர். 2000, 2001இல் ஓல் பிளாக்ஸின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். இந்தப் பதவிக்குத் தான் சரியான ஆள்தானா என்று தனக்கு இருந்த சந்தேகத்தை மறைக்காமல் சொன்னார், வேலை போனது. 2004இல் ஹென்றி அந்தக் கதிரைக்கு வந்தபோது, முன்பு அதில் இருந்த ஸ்மித் அவருக்குக் கீழே உதவியாளராகத் திரும்பினார். எட்டு வருடம். 2007 காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்று நாடே திட்டியபோதும் ஒன்றாகவே நின்றார்கள். 2011இல் கிண்ணம். அதன் பிறகு தான் பிறந்த வைக்காட்டோ பிரதேசத்தின் சீப்ஸ் அணியில் டேவ் ரென்னிக்கு உதவியாளர். 2012, 2013 இரண்டு வருடமும் சீப்ஸ் சம்பியன். பிறகு மறுபடி ஓல் பிளாக்ஸில் உதவியாளர், 2015 உலகக் கிண்ணம். தலைமைப் பதவியில் தடுமாறியவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருந்து வென்றதை எண்ணிப் பாருங்கள்.

2021 கடைசியில் நியூசிலாந்தின் பெண்கள் அணியான பிளாக் பேர்ன்ஸ் ஐரோப்பாவுக்குப் போய் நான்கு ஆட்டங்களையும் தோற்றது. இங்கிலாந்திடம் 12-43, 15-56. அதன் பிறகு ஒரு வீராங்கனை அணிக்குள் தான் பட்டதை வெளிப்படையாக எழுதினார், விசாரணை நடந்தது, பயிற்றுவிப்பாளர் விலகினார். உலகக் கிண்ணத்துக்கு ஆறு மாதம்கூட முழுதாக இருந்ததாகச் சொல்ல முடியாது, அதுவும் சொந்த நாட்டில். பொறுப்பெடுத்தவர் ஸ்மித். ஓய்வு பெற்றிருந்தவர், வயது 65. விட்னி ஹான்சன், வெஸ்லி கிளார்க் என்ற இளையவர்களை வைத்துக்கொண்டு, இரண்டு பழைய ஆட்களையும் கூப்பிட்டார். ஒருவர் ஸ்க்ரம் பழக்கும் மைக் க்ரொன். மற்றவர் கிரஹம் ஹென்றி.

எட்டு வருடம் தனக்கு மேலே இருந்தவரை ஸ்மித் கூப்பிட்டார். எழுபது வயது தாண்டிய பிறகும் ஹென்றி வந்தார், தன் பழைய உதவியாளருக்கு உதவியாளராக. இந்த இடத்தில் பணிவு, துணிவு எல்லாம் தேவைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இருவரும் மாறி மாறி அந்தக் கதிரைகளில் இருந்து பழகிவிட்டார்கள், யார் எதில் இருக்கிறார் என்பது அவர்களுக்கு ஒரு பிரச்சினையாக இருந்த காலம் போய்விட்டது. எங்களுக்கு அந்த இடத்துக்கு வர எத்தனை காலம் பிடிக்குமோ.

2022 நவம்பர் 12, ஈடன் பார்க். இங்கிலாந்து தொடர்ச்சியாக 30 ஆட்டங்களை வென்றுவிட்டு வந்திருந்தது. தொடக்கத்திலேயே 14-0 என்று முன்னிலை. பிறகு அவர்களில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை, நியூசிலாந்து மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டு வந்து 34-31 என்று முந்தியது. நேரம் முடிந்த நிலையில் இங்கிலாந்துக்கு ஐந்து மீற்றரில் லைன் அவுட். அன்று முழுக்க அவர்கள் ட்ரை போட்டது பெரும்பாலும் அதே வழியில்தான். பந்தை மேலே எறிந்தார்கள். ஜோவானா நான்-வூ எழும்பிக் கையை நீட்டினார். பந்து இங்கிலாந்துக்குப் போகவில்லை.

அந்த ஆட்டத்தின் விபரத்தைத் தேடிப் பார்த்தால் பயிற்றுவிப்பாளர் என்ற இடத்தில் வெய்ன் ஸ்மித் என்று இருக்கும். 2003 இறுதிப் போட்டியையும் தேடிப் பாருங்கள், அங்கே பீற்றர் ஸ்லோன்.